முன்பணமும் கடனும்

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்வார்க்கு முதலிற் புலப்படுவது தெற்கு இராஜகோபுரமாம். பல நூற்றாண்டுகள் அடிநிலையளவில் நின்று ‘மொட்டைக் கோபுரம்’ என்னும் பெயரைச் சுமந்த அது, 1979 முதல் 1987 வரை அகோபில மடத்து ஜீயரின் முயற்சியால் 13 நிலைகளும் 236 அடி உயரமும் உடையதாய் எழுந்தது. பொருள் தந்தோர் பலர். இசையமைப்பாளர் இளையராஜா ஒரு நிலைக்குரிய செலவை ஏற்றார். ஈந்தவர் அதனைத் திரும்பப் பெறக் கருதினாரல்லர்.

இற்றை நாளில் வீடியோ விளையாட்டுச் செய்யப் புகும் இளைஞரும், வேலை முடியுமுன்னரே, கிக்ஸ்டார்ட்டர் போன்ற இணையதளங்களின் வாயிலாகப் பொதுமக்களிடம் பொருள் வேண்டுகின்றனர். ஆயின் இங்குத் தருவோரை நன்கொடையாளர் என்றல் பொருந்தாது. விளையாட்டு முடிந்தபின் ஒரு பிரதி வரும் என்னும் வாக்கை நம்பியன்றோ அவர் தருகின்றனர்! அவர் பங்காளரும் அல்லர். கடன் கொடுத்தவரும் அல்லர். குறித்த தொகை முழுதும் சேராவிடின் செய்வோர் கைக்கு ஒரு காசும் வாராது என்பது கிக்ஸ்டார்ட்டரின் விதி.

அவ்விதியின் கடுமையைப் புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழுவினர் அறிவர். பாரதநாட்டுப் பழங்கதைகளைத் தழுவிய ‘ராஜி’ என்னும் விளையாட்டிற்காக 2017-இல் அவர் வேண்டிய பொருள் சேர்ந்திலது. குழுவைத் தொடங்கியவருள் ஒருவர் தம் வீட்டை விற்று வேலையை நடத்தினார். 2020-இல் விளையாட்டு வெளிவந்தது; உலகப் பரிசொன்றிற்கும் பரிந்துரைக்கப்பெற்றது. இதனை வீரமெனப் போற்றுவார் உளர். விற்பதற்கு வீடில்லாதவன் யாது செய்வான் என்றே எமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பொருள் மிகுதியாய்ச் சேர்ந்தாலும் தொல்லை தீர்வதில்லை. 2012-இல் அமெரிக்க நாட்டு டபிள் ஃபைன் நிறுவனம் 4 இலட்சம் டாலர் வேண்ட, 33 இலட்சத்திற்கு மேல் குவிந்தது. பணம் பெருகவே திட்டமும் பெருகிற்று. மறுவருடமே அது போதாதென்றனர். விளையாட்டை இரண்டாகப் பகுத்து, பிற்பகுதியை 2015-இல் தந்தனர். ‘ஸ்டார் சிட்டிசன்’ செய்வோரோ மக்களிடம் கோடிக்கணக்கில் பெற்றபின்னும், 2017-இல் இங்கிலாந்திலுள்ள தம் கிளையின் பெயரால் கூட்ஸ் வங்கியிற் கடன் கொண்டனர். அந்நாட்டரசு தரவேண்டிய வரிச்சலுகையின் மீது பெற்ற முன்பணமே அஃது என்று விளக்கினர். அவ்விளக்கத்தை யாம் மறுக்கவில்லை. எனினும் ஈடு பெற்ற வங்கி தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். முன்னரே பணம் தந்த மக்களுக்கு அவ்வரிசையில் இடமில்லை. ஆதலின் கடன் வாங்குமுன் அவர்க்கு அறிவித்தல் கடமையென்பது எம் கருத்து. கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்து அவர் தாமே தெரிந்துகொள்ளும்படி விடுதல் முறையன்று.

இவற்றை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. மலைக்கோட்டையைக் களமாகக் கொண்டு விளையாட்டொன்று செய்யப்போவதாக நம் மாணவர் மூவர் கணக்கேடும் கையுமாய் எம்மிடம் வந்தனர். தொகை எவ்வளவு என்றதற்கு உடனே விடை வந்தது. அதில் அறை வாடகை இல்லை. படம் வரைபவர்க்குக் கூலியில்லை. ஆறு திங்கள் தாமதித்தால் சோற்றுக்கு வழியும் இல்லை. “குறைந்தால்?” என்றோம். “அம்மாவின் நகை இருக்கிறது, ஐயா” என்றான் ஒருவன், சிறிதும் தயங்காமல்.

யாம் ஐந்நூறு ரூபாய் தந்தோம். நகை அடகுக்கடைக்குப் போகாது என்று அவ்வேட்டின் முதற்பக்கத்தில் எழுதி மூவரும் கையொப்பமிட்ட பின்னரே தந்தோம். செலவுக் கணக்கைத் திங்கள்தோறும் காட்டுவதாகவும் சொல்லிச் சென்றனர். இரண்டு முறை காட்டியும் உள்ளனர்.