பழைய ஆட்டமும் புதிய திரையும்

தமிழாசிரியர் ஒருவர் கணனி ஆட்டத்தைப் பற்றி விழா மலரில் எழுதப் புகுதல் சிலர்க்கு நகையை விளைக்கலாம். இலக்கணமும் உரையும் கற்பிப்போர்க்கு இத்துறையில் என்ன அலுவல் என்று வினவுவாரும் உளர். ஆயினும், சென்ற தவணை எம் கல்லூரிக் கணனிக் கூடத்தில் எழுந்த சிறு வழக்கொன்று ஆட்டத்தோடு நில்லாது, முன்னோர் செய்த பொருளைப் பின்னோர் எவ்வாறு பேணல் வேண்டும் என்னும் பெருவினாவில் வந்து முடிந்தது. ஆதலின் எம் கருத்தை ஈண்டு கூறத் துணிந்தோம்.

நிகழ்ந்தது இது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் கூடத்துக்குப் புதிய அகன்ற திரையொன்றை அன்பளிப்புச் செய்தார். உயர்தர வகுப்பு மாணவர் சிலர், பாடசாலை விட்டபின், அதிலே 'டூம்' என்னும் பழைய ஆட்டத்தை இட்டுப் பார்த்தனர். படம் கரைந்து மங்கிற்று. உருவங்கள் பக்கவாட்டிற் பருத்துத் தோன்றின. "சேர், இதைப் பார்த்தோ அந்தக் காலத்தில பயந்தவை?" என்று ஒரு மாணவன் எம்மை வினவினான். யாம் இளமையில், உறவினர் ஒருவர் இல்லத்தில், விளக்கணைத்த அறையில் அவ்வாட்டத்தைக் கண்டு நடுங்கியவர். அன்று யாம் கண்டதும் இன்று அவன் கண்டதும் ஒன்றல்ல என்பதை உணர்ந்தோம். குற்றம் ஆட்டத்தினதன்று, அதனைத் திரையில் இட்ட முறையினதே.

இவ்வாட்டத்தை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சொவ்ட்வெயர் என்னும் சிறு நிறுவனத்தார் 1993 டிசம்பரில் வெளியிட்டனர். அக்காலக் கணனிகளின் ஆற்றலுக்கு இயைய, அதன் படம் அகலத்தில் 320, உயரத்தில் 200 ஆக, 64,000 படப்புள்ளிகளால் ஆயது, நிறங்களோ 256. படக்குழாய்த் திரைகள் அகலம் நான்கு, உயரம் மூன்று என்னும் அளவின. ஆதலின் ஒவ்வொரு புள்ளியும் தன் அகலத்தினும் ஐந்திலொரு பங்கு மிகுந்த உயரமுடையதாய் நின்றது. குழாய்த் திரையின் ஒளி சிறிதே பரவுமாதலின் புள்ளிகளின் விளிம்பும் கண்ணை உறுத்தவில்லை. ஓவியர் அத்திரைகளைப் பார்த்தே வரைந்தனர்.

இற்றை நாளிற் பரவலாயுள்ள திரை அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகளை உடையது. பழைய புள்ளியொன்றின் இடத்தை இன்று 32க்கும் மேற்பட்ட புள்ளிகள் நிரப்பல் வேண்டும். அயலிலுள்ள நிறங்களைக் கலந்து நிரப்பினால் படம் மழுங்கும். அதே நிறத்தைத் திரும்ப இட்டு நிரப்பினால் கூர்மை பெறும். ஆயினும் 1080ஐ 200ஆற் பகுத்தால் 5.4 என வருதலின், சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் போம். அகலத்தை ஐந்து மடங்கும் உயரத்தை ஆறு மடங்கும் பெருக்கினால் 1600க்கு 1200 என முழு எண்ணாய், பழைய அளவு சிறிதும் பிறழாது அமையும். 2160 வரிகளையுடைய பெருந்திரையில் அது நன்கு அடங்கும். சிறிய திரையாயின் நான்கும் ஐந்தும் ஆகப் பெருக்கி, எஞ்சிய இடத்தைக் கருமையாய் விடுதல் தகும். இம்முறைக்குப் பணச் செலவில்லை. பக்கங்களில் கரும்பட்டை நிற்பதைப் பொறுக்கும் மனமே வேண்டுவது. திரை முழுவதையும் நிரப்பியே தீரல் வேண்டும் என்னும் ஆசையன்றோ உருவங்களைப் பருக்கச் செய்தது?

இதனினும் மேலான வழியொன்றும் உண்டு. அந்நிறுவனத்தார் 1997 டிசம்பரில் ஆட்டத்தின் மூலநிரலை உலகத்தார்க்கு வெளியிட்டனர். அது பெருங்கொடை என்க. அன்று தொட்டு ஆர்வலர் பலர் அதனைப் புதிய கணனிகளுக்கு ஏற்பத் திருத்தி வந்துள்ளனர். 'சொக்கலேட் டூம்' பழைய நடையை அவ்வாறே காப்பது. 'கிறிஸ்பி டூம்' 640க்கு 400 என இருமடங்கு நுண்மை தருவது. 'ஜிஸெட்டூம்' இக்கால வரைகலை அட்டைகளின் ஆற்றலைப் பயன்கொண்டு திரை முழுதும் நுண்ணிதாய் வரைவது. ஆட்டத்தின் மண்டபங்கள் கோடுகளும் முனைகளுமாய் எழுதப்பட்டவையாதலின், சுவரின் விளிம்பை எத்துணை நுண்மையாகவும் கணித்து வரையலாம். தரைக்குரிய படமோ 64க்கு 64 புள்ளிகளே; அரக்கர் உருவங்களும் அத்தகையன. ஆகவே இவ்வழியிற் செல்வோர், படங்களை மழுப்பும் 'பில்ட்டரிங்' என்னும் தெரிவை நிறுத்திவிடல் நன்று. விளிம்பு கூரியதாகும், ஓவியம் ஓவியமாகவே நிற்கும்.

இத்துணையும் மாணவர் தாமே முயன்று செய்து முடித்தனர். அதன்பின்னரே வழக்கு எழுந்தது. அரக்கர் உருவங்களையும் செயற்கை நுண்ணறிவினால் நுணுக்கமாக்கிவிடலாம் என ஒரு சாரார் கூறினர். ஆகாது என மறு சாரார் மறுத்தனர். யாம் மறு சாராரின் பக்கமே நிற்கின்றோம்.

காரணம் கூறுவோம். அவ்வுருவங்களிற் சில களிமண்ணாற் செய்யப்பட்டு, பலவாறு திருப்பிப் படம் பிடிக்கப்பட்டுப் பின்னர் ஓவியரால் திருத்தப்பட்டவை. அவர் இட்ட புள்ளிகள் இவை. இடாத புள்ளிகளை இயந்திரம் அறியாது. அது பிற படங்கள் பலவற்றைக் கண்ட பழக்கத்தால் ஊகித்து நிரப்புகின்றது. 2021 நவம்பரில் 'கிராண்ட் தெவ்ட் ஓட்டோ' என்னும் ஆட்டத்தின் பழைய பாகங்கள் மூன்று புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தபோது, கடைப் பலகைகளின் எழுத்துக்கள் சில பிழைபட்டுக் கிடந்தன. வெளியிட்டோர் வருத்தம் தெரிவித்து, விற்பனையினின்றும் நீக்கிய பழைய பாகங்களை மீளவும் விற்பதாக அறிவித்தனர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுவன்றோ?

"அன்று இன்றைய கருவி இருந்திருப்பின் அவ்வோவியரே நுண்ணிதாய் வரைந்திருப்பர்" என்பார் உளர். இருக்கலாம். ஆயினும் வரைந்தது இது. எம் துறையிலிருந்து ஓர் உவமை கூறுவோம். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்கள். ஏட்டின் மங்கிய எழுத்து அச்சில் தெளிவுற்றது. அதனால் நூல் பிழைத்தது. எழுத்தைத் தெளிவாக்கல் வேறு, பாட்டை மாற்றல் வேறு. ஏடு சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவோரே நல்ல பதிப்பாசிரியர். தாம் ஓரடி பாடிச் செருகி, அதைச் சொல்லாது விடுவோர் அல்லர்.

புதுமையே வேண்டா என்று யாம் கூறினோமல்லேம். 1998இல் வெளிவந்த 'ஸ்டார் கிராவ்ட்' 2017இல் புதிய ஓவியங்களோடு மறுபதிப்பாயிற்று. அதில் ஒரு விசையை அழுத்தின் பழைய படம் தோன்றும். மீண்டும் அழுத்தின் புதியது தோன்றும். இரண்டையும் ஒப்புநோக்கிப் பயில்வோன் ஏமாற்றப்படுவதில்லை. இதுவே நேரிய முறை. புதியது வருக, பழையது அருகிலேயே இருக்க.

இனி இவ்வழக்கு ஆட்டத்தோடு நில்லாமைக்குக் காரணம் கூறுவோம். இவ்விழா மலரின்பொருட்டுச் சேர்த்த பழைய நிழற்படங்களுள், ஆசிரியர் குழாத்தின் படம் ஒன்று மிகவும் மங்கியிருந்தது. அன்பர் ஒருவர் நன்னோக்கோடு அதனைச் செயற்கை நுண்ணறிவினால் தெளிவாக்கிக் கொணர்ந்தார். முகங்கள் யாவும் பளிச்சிட்டன. எமக்குத் தமிழ் கற்பித்த ஆசான் அவ்வரிசையில் இரண்டாமவராய் நிற்பவர். அவரது இருக்கையும் சால்வையும் இருந்தன, முகம் அவரதன்று. கண்ணும் மூக்கும் செவ்விதாய் அமைந்த வேறு யாரோ ஒருவர் எம்மை நோக்கி நின்றார். மங்கிய படத்தில் அவரை நொடியில் இனங்கண்ட யாம், தெளிந்த படத்தில் அவரைக் காணாது திகைத்தோம். அவரை நேரிற் கண்டிராத இளைய மாணவரோ, இவரே அவர் என நம்பிவிடுவர். இதுவன்றோ பேரிழப்பு?

ஆகவே மலர்க் குழுவினரை வேண்டுகின்றோம். கறையை நீக்குக, ஒளியையும் நிழலையும் செம்மை செய்க, முகத்தை மட்டும் தொடாதிருப்பீராக. யாதேனும் திருத்தியிருப்பின், படத்தின் கீழ் அதனைக் குறித்து, மூலத்தையும் கல்லூரி நூலகத்தில் வைத்திடுக. மாணவச் செல்வங்காள்! நீவிர் எழுதும் நிரலையும் வரையும் படத்தையும் மூலத்தோடு சேமித்து வைமின். நாளை வருவோர் உம் பணியைத் தெளிவாய்க் காண விழையும்போது, அவர்க்கு ஊகிக்க வேண்டிய தேவை நேராதிருக்கட்டும்.