பட்டம் பெற்ற பிள்ளை தாதியாகப் போவதா?



கடந்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு தந்தை என் அலுவலக அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். மகள் கணக்கியலில் பட்டம் பெற்றவள். நகரத்தில் நல்ல வேலை. அப்பம்மாவின் கடைசி ஏழு மாதங்களில் அருகிருந்து பார்த்தவள், இப்போது வேலையை விட்டுத் தாதியர் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "ஃபாதர், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். பட்டம் எடுத்த பிள்ளை பெட்பான் தூக்கப் போறாளாம். சனத்துக்கு முன்னால் எப்படி முழிக்கிறது?" என்றார்.

நான் சொல்ல மாட்டேன் என்றேன். மனத்தாங்கலோடு எழுந்து போனார். அன்றிரவு தொலைபேசியில் நெடுநேரம் பேசினோம். தம் பெயரைக் குறிப்பிடாமல் எழுத அவர் இசைந்ததால் எழுதுகிறேன். ஏனெனில் இந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. பிளேஸ்டோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் நான் ஆசீர்வதிக்கச் செல்லும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே எண்ணம் குடியிருக்கிறது.

முதலில் "சனம்" என்ற சொல்லைப் பார்ப்போம். பெரிய வியாழன் மாலையில் நான் முழந்தாளிட்டுப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறேன். உங்களில் சிலர் கண் கலங்குவதைப் பீடத்தின் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஏற்கெனவே கழுவித் துடைத்து வந்த பாதங்களை நான் கழுவினால் அது திருச்சடங்கு. உங்கள் மகள் நாள்தோறும், யாரும் தொடத் தயங்கும் உடலைக் கழுவினால் அது மானக்கேடு. இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

கசப்பானாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மலமும் சலமும் இரத்தமும் தொடுகிறவர் தாழ்ந்தவர் என்ற எண்ணத்தை நற்செய்தி நமக்குத் தரவில்லை. அது சாதி தந்தது. கடவுச்சீட்டு மாறியது, மொழி மாறியது, குளிருக்கேற்ற உடை மாறியது. அந்த ஒன்று மட்டும் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல சமாரியர் உவமையில் காயத்தைத் தொடாமல் விலகிப் போனவர்கள் குருவும் லேவியருமே என்பதை, குருவாகிய நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தமிழும் உங்கள் பக்கம் நிற்கவில்லை. நாம் தாதி என்போரைத் தமிழகத்தார் செவிலியர் என்கிறார்கள். சங்க அகப்பாடல்களில் செவிலி யார்? தலைவியை வளர்த்தெடுத்த தாய்; தலைவியின் உயிர்த்தோழியைப் பெற்றவள். கவிதையில் பேசும் உரிமை பெற்ற மாந்தருள் ஒருத்தி. அவ்வளவு மதிப்புள்ள பெயரை வைத்துக்கொண்டு நாம் முகம் சுளிக்கிறோம்.

அடுத்தது "பட்டம் வீண்" என்ற வாதம். இது அறியாமையால் வருவது, அறிந்தால் தீரும். இங்கிலாந்தில் 2013 முதல் புதிதாகத் தாதியாகச் சேர்வோருக்குப் பட்டப்படிப்பே வழி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-லேயே தாதியியலில் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. ஆகவே இது படியாதோர் வேலை என்பது உங்கள் பாட்டனார் காலத்துக் கதை. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு முதுநிலைப் படிப்பு ஒன்று உண்டு. பொதுவாக இரண்டே ஆண்டுகள். முன்பு கற்றதையும் பெற்ற அனுபவத்தையும் கணக்கில் கொண்டே அந்த ஓராண்டைக் குறைக்கிறார்கள். அதாவது, நீங்கள் வீண் என்று சொல்லும் பட்டமே அங்கே நுழைவுச்சீட்டு. ஒரு பட்டம் பெற்றவருக்கு இரண்டாம் பட்டத்திற்கு மாணவர் கடன் கிடைப்பது அரிது. தாதியியலுக்கு அந்த விலக்கு உண்டு. தகுதியுள்ள மாணவருக்குத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவித்தொகையாக ஆண்டுக்கு 5,000 பவுண் கிடைக்கிறது. வதிவிட உரிமையைப் பொறுத்து இவை மாறும். விண்ணப்பிக்கும் முன் கேட்டுத் தெளியுங்கள்.

பிற்பாதி வாழ்வில் பாதை மாறுவது தோல்வி என்கிறீர்களா? அப்படியானால் திருச்சபையின் புனிதர் பட்டியலைத்தான் திருத்த வேண்டும். புனித கமில்லுஸ் தெ லெல்லிஸ் போர்வீரர். சூதாட்டத்தில் உள்ளதெல்லாம் இழந்தவர். ஆறாத கால்புண்ணோடு உரோமை மருத்துவமனைக்கு நோயாளியாய்ப் போனவர், அங்கேயே நோயாளரின் ஊழியரானார். புனித இறை யோவான் ஆடு மேய்த்தார், போருக்குப் போனார், கிரனாதாவில் புத்தகம் விற்றார். நாற்பது வயதைக் கடந்த பிறகே நோயாளரைத் தோளில் சுமக்கத் தொடங்கினார். இவ்விருவரையும் 1930-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் தாதியரின் பாதுகாவலராக அறிவித்தார். இருவரும் ஆண்கள் என்பதை, "அது பொம்பிளைப் பிள்ளைகளின் வேலை" என்று மகன்களைத் தடுக்கும் பெற்றோர் கவனிக்க.

நம் காலத்துச் சான்றும் நமக்கு அருகிலேயே உண்டு. சிசிலி சாண்டர்ஸ் ஆக்ஸ்போர்டில் அரசியல், மெய்யியல், பொருளியல் படித்துக்கொண்டிருந்தவர். போர் வந்தது, 1940-இல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, புனித தோமா மருத்துவமனையில் நைட்டிங்கேல் அம்மையார் 1860-இல் தொடங்கிய பள்ளியில் தாதியாகச் சேர்ந்தார். முதுகு வலியால் அப்பணி தொடர இயலாதபோது பட்டத்தை முடித்து மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். பின்னர் 1957-இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டே நமது அயலான ஹாக்னியில் அருட்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில், இறக்கும் தறுவாயில் இருப்போரின் வலியைத் தணிக்கும் முறையைக் கற்றுத் தேர்ந்தார். 1967-இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லத்திலிருந்தே இன்றைய தணிப்புப் பராமரிப்பு உலகெங்கும் பரவியது. அவர் எத்தனை முறை பாதை மாறினார் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எது வீண்?

2020-ஐ மறந்துவிட்டீர்களா? மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரை கணக்கிட்டபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனா இறப்பு வீதம் மிக உயர்ந்திருந்த இடம் நமது நியூஹாம். ஓர் இலட்சம் பேருக்கு 144 பேர். மருத்துவமனை வாசலுக்குள் நம்மை விடவில்லை. பிள்ளைகள் தொலைபேசித் திரையில் தாயின் முகம் பார்த்தார்கள். அந்தத் தொலைபேசியைப் பிடித்திருந்த கை யாருடையது? ஒரு தாதியுடையது. "உள்ளே ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தால் அம்மாவுக்கு விளங்குமே, ஃபாதர்" என்று அன்று என்னிடம் அழுதவர்கள் எத்தனை பேர்! அந்தத் தமிழ்ப் பிள்ளை அடுத்த வீட்டிலிருந்து வர வேண்டும், நம் வீட்டிலிருந்து மட்டும் வரக்கூடாது என்றால் என்ன நியாயம்?

உங்கள் அச்சத்தை நான் இகழவில்லை. நகை அடகு வைத்து, இரண்டு வேலை பார்த்து, கடை மூடும் நேரம் வரை நின்று படிக்க வைத்தவர்கள் நீங்கள். பிள்ளை இளைப்பாற வேண்டும் என்று விரும்புவது பாவமன்று. தாதி வாழ்வு எளிதென்று பொய்யும் சொல்ல மாட்டேன். 2025–26-க்கான தொடக்கச் சம்பளம், இலண்டன் படி நீங்கலாக, 31,049 பவுண். நகரத்து அலுவலகச் சம்பளத்துக்குப் பலவேளை இது குறைவு. இரவுப் பணி உண்டு, முதுகு நோகும், வசை கேட்க நேரும். ஆகவே பிள்ளைகளே, பராமரிப்பு உதவியாளராகச் சில மாதங்கள் பணி செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். துக்கத்தின் சூட்டில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். பெற்றோரே, விருப்பமில்லாத பிள்ளையை "நிரந்தர வேலை" என்று இதற்குள் தள்ளாதீர்கள். அந்தக் கொடுமையை நோயாளிகள் அனுபவிப்பார்கள்.

இறுதியாக என் குற்றம். பல ஆண்டுகளுக்கு முன், பொறியியல் முடித்த ஓர் இளைஞன் இதே விருப்பத்தோடு என்னிடம் வந்தான். "தகப்பன்ர உழைப்பை வீணாக்காதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கீழ்ப்படிந்தான். நன்றாகச் சம்பாதிக்கிறான். கடந்த ஆண்டு தகப்பனார் நோயுற்றபோது அவன் அவரைத் திருப்பிப் படுக்கவைத்த விதத்தை அருகில் நின்று பார்த்தேன். மருத்துவமனைத் தாதி வியந்து, "எங்கே பயிற்சி பெற்றீர்கள்?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் தலை குனிந்தேன்.

ஒருவனின் அழைத்தலை, ஊர் என்ன சொல்லும் என்ற ஒரே காரணத்துக்காக நான் மூடிவிட்டேன். இரண்டாம் முறை அதைச் செய்ய மாட்டேன். அந்தத் தந்தைக்கும், அவரைப்போல் கதவைச் சாத்திவிட்டுப் பேச வரும் எல்லோருக்கும் என் பதில் இதுவே. மகளின் சேர்க்கைக் கடிதம் வந்ததும் அதை ஒளிக்காதீர்கள். ஞாயிறு திருப்பலிக்குக் கொண்டு வாருங்கள். மருத்துவராகும் பிள்ளைக்கு எந்தக் குரலில் அறிவிப்பு வாசிக்கிறேனோ, அதே குரலில் அவளுடைய பெயரையும் வாசிப்பேன்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை,
பிளேஸ்டோ