பெரியகுளம்: பெயர் போனது, பாடம் இருக்கிறது

2009-க்குப் பின் வாக்குரிமை பெற்ற தோழர்களுக்குப் பெரியகுளம் நாடாளுமன்றத் தொகுதி பழங்கதை. ஆனால், 2004 தேர்தல் வரை கம்பம் பள்ளத்தாக்கின் குரல் அந்தப் பெயரில்தான் டில்லியில் ஒலித்தது.

தொடக்கத்தில் அது காங்கிரசின் கோட்டை. 1967-ல் கழகத்தின் அஜ்மல்கான் அந்தக் கோட்டையைத் தகர்த்தார். 1971-ல் முஸ்லிம் லீகின் முகம்மது ஷெரீப் வென்றார். 1974-ல் கச்சத்தீவு ஒப்பந்தம் வந்தபோது மக்களவையில் எழுந்து எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். கடலே காணாத ஏலக்காய்ச் சீமையின் உறுப்பினர் கடலோர மீனவனுக்காக வாதாடினார்! உறுப்பினரின் கடமை தொகுதி எல்லையோடு முடிவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

2008-ல் தொகுதிச் சீரமைப்பு வந்தது. சேடபட்டி மறைந்தது, சோழவந்தானும் உசிலம்பட்டியும் சேர்ந்தன. சட்டமன்றத் தொகுதி என்ற தகுதியை இழந்த தேனி, நாடாளுமன்றத் தொகுதிக்குப் பெயரானது. நாடாளுமன்றப் பெயரை இழந்த பெரியகுளம், தனிச் சட்டமன்றத் தொகுதியானது.

ஆனாலும் தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஏன்? 1976-ல் 42-வது திருத்தம் போட்ட பூட்டு காத்தது. 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள் கணக்கு வரும்வரை அந்தப் பூட்டை நீட்டியது 2001-ன் 84-வது திருத்தம். பூட்டு இல்லாத காலத்தில் நடந்ததென்ன? 1962-ல் 41 இடம், 1967-ல் 39!

பிரிட்டனைப் பாருங்கள். 2024 தேர்தலில் வேல்ஸ் நாட்டின் இடங்கள் 40-லிருந்து 32 ஆகச் சுருங்கின. தலை எண்ணிக்கை ஒன்றே தராசானால் சிறிய இனத்தின் கதி அதுதான். குடும்பக் கட்டுப்பாடு நாட்டுக்கு நல்லது என்றார்கள், தமிழ்நாடு கேட்டது. கேட்டதற்குத் தண்டனையா? நம் இடம் 39 ஆகவே நின்று, பிறர் இடம் பெருகினாலும், நம் பங்கு தேய்ந்ததாகவே பொருள்.

இது படித்தவர் பேசித் தீர்க்கும் கணக்கு என்று உழைப்பாளித் தோழர் ஒதுங்கலாகாது. முல்லைப் பெரியாறு அணை கேரள மண்ணில். அதன் நீர் நம் வயலில். வழக்கும் வாதமும் டில்லியில். மதுரை–போடி ரயில் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. அகலப் பாதையில் தேனிக்கு வண்டி வந்தது 2022-ல், போடிக்கு 2023-ல். 39 பேர் இருந்தும் இத்தனை ஆண்டு! குரல் மெலிந்தால் எத்தனை ஆண்டோ?

ஆகவே, தோழர்களே! சீரமைப்பு வரைவு வெளியாகும் நாளில் விழித்துக்கொள்வது பயன்தராது. கிளைதோறும் இந்தக் கணக்கை விளக்குங்கள். தேயிலைத் தோட்டத்திலும் ஏலக்காய்க் காட்டிலும் வேலை செய்வோரின் பெயர் வாக்காளர் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். ஆட்சேபத்துக்கு நாள் குறித்தால், மனுவோடு முதலில் நிற்பவர் நாமாக இருக்கவேண்டும். இறுதி உத்தரவு வந்தபின் அதை மாற்றுவது அரிது.

தொகுதியின் பெயர் மாறலாம். தமிழனின் பங்கு குறையலாகாது!