இரண்டு நிமிடக் காட்சிக்கு முழு நுழைவுச்சீட்டு

திரைப்படம் காண நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்ற ஒருவர், படம் தொடங்கும் வேளையில் எழுந்து வெளியே போனால் நாம் என்ன எண்ணுவோம்? உடல்நலமில்லை போலும் என்போம். வீட்டிலிருந்து அவசரச் செய்தி வந்திருக்கும் என்போம். ஒருவரல்லர், பலர் ஒருங்கே எழுந்து, முகமெல்லாம் மலர்ச்சியுடன் வெளியேறினால்? 1998 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டின் திரையரங்குகள் பலவற்றில் இந்த விந்தை நிகழ்ந்தது.

அவர்கள் பணம் கொடுத்தது படத்திற்காக அன்று; படத்திற்கு முன்னே காட்டப்பெற்ற ஏறத்தாழ 2 நிமிட முன்னோட்டத்திற்காக. அவர்கள் விட்டுச் சென்ற படங்களுள் ஒன்று 'மீட் ஜோ பிளாக்' என்பது. சாவு மனித உருவெடுத்து ஒரு செல்வரின் இல்லத்திற்கு விருந்தினனாக வரும் கதை. ஏறத்தாழ 3 மணி நேரம் ஓடுவது. பிராட் பிட் என்னும் புகழ்பெற்ற நடிகர் அதில் நடித்திருந்தார். ஆயினும் என்ன? வந்தவர்கள் இரண்டு நிமிடம் கண்டார்கள், கைதட்டினார்கள், போய்விட்டார்கள். சில அரங்குகளில் படம் முடிந்த பின்னும் அம்முன்னோட்டத்தை மறுபடி காட்டினார்கள்.

ஆங்கிலத்தில் முன்னோட்டத்தை 'டிரெய்லர்' என்பர். பின்னே தொடர்ந்து வருவது என்பது அச்சொல்லின் பொருள். தொடக்க காலத்தில் இத்தகைய விளம்பரத் துண்டுகளைப் படம் முடிந்த பின்னரே காட்டிவந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவதைக் கண்டு, பிற்காலத்தில் அதனை முன்னால் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த வண்டி முன்னால் வந்தது மட்டுமன்று, 1998 இல் மாட்டையே வெளியே துரத்திவிட்டது எனலாம்!

இத்துணை ஆவலுக்குக் காரணம் இல்லாமலில்லை. ஜார்ஜ் லூக்காஸ் என்னும் இயக்குநர் 1977 ஆம் ஆண்டில் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளி வீரக்கதையைத் திரைக்குத் தந்தார். 1980 இலும் 1983 இலும் அதன் தொடர்ச்சிகள் வெளிவந்தன. அதன்பின் நீண்ட மௌனம். பத்து வயதில் தந்தையின் கைபிடித்துச் சென்று அப்படங்களைக் கண்ட சிறுவர், வளர்ந்து, மணம் முடித்துத் தாமே தந்தையராயினர். வீடியோ நாடாக்களை மீண்டும் மீண்டும் ஓட்டி உரையாடல்களை மனப்பாடம் செய்தனர். இனி என்ன நடக்கும், முன்பு என்ன நடந்திருக்கும் என்று தமக்குள் பேசிப் பேசி, எடுக்கப்படாத படங்களையும் மனத்திலேயே எடுத்து முடித்தனர். இந்நிலையில் லூக்காஸ், பழைய கதைக்கு முந்தைய கதையைச் சொல்ல முன்வந்தார். கருங்கவசம் பூண்ட கொடியவனாக உலகம் கண்ட டார்த் வேடர் ஒருகாலத்தில் களங்கமற்ற சிறுவனாக இருந்தான் என்பதே அக்கதை. படத்தின் பெயர் 'தி பேண்டம் மெனஸ்'. 1999 மே 19 ஆம் நாள் வெளிவருவதாக இருந்தது. முந்தைய படத்திற்கும் இதற்கும் இடையே 16 ஆண்டுகள்.

முதலில் நவம்பர் 17 ஆம் நாள் 75 அரங்குகளில் மட்டும் முன்னோட்டம் காட்டப்பெற்றது. மூடுபனியினின்று மெல்ல வெளிப்படும் சவாரி வீரர். இருபுறமும் செந்நிற ஒளி வீசும் வாள் ஏந்திய பகைவன். பாலை நிலத்துச் சிறுவன். இவற்றினூடே ஜான் வில்லியம்ஸ் அமைத்த பழைய இசை. கண்டவர்கள் ஆர்ப்பரித்தனர், சிலர் கண்ணீர் வடித்தனர். அரங்கினுள் மறைவாகப் படம்பிடித்த சிலர் அதனை இணையத்தில் பரப்பவே, தயாரிப்பாளரும் நல்ல படியைத் தம் இணையப் பக்கத்தில் வெளியிட நேர்ந்தது. அந்நாளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியே நத்தைபோல் ஊர்ந்து வந்தது. 1999 மார்ச்சுத் திங்களில் வந்த இரண்டாம் முன்னோட்டத்தைக் கணிப்பொறியில் இறக்கிக்கொள்ள மக்கள் மணிக்கணக்கில் காத்திருந்தனர். தாளின் அளவில் கால் பங்கு கூட இல்லாத சிறு சதுரத்தில் தெரிந்த அக்காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு படிமத்திற்கும் உரை எழுதினர்.

இதனைப் பித்து என்று கூறி ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் திரையரங்கின் வாயிலில், படம் வெளிவர ஆறு வாரங்களுக்கு முன்பே இளைஞர் வரிசையில் அமர்ந்துவிட்டனர். முறைவைத்து வரிசையைக் காத்தனர், உணவைப் பகிர்ந்தனர், அறியாதவர் நண்பராயினர். அவ்வரிசையைக் காரணமாகக் கொண்டு, நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் அறநிறுவனம் ஒன்றிற்கு நிதியும் திரட்டினர். ஒன்றை விரும்பி, அதற்காகப் பலர் கூடிக் காத்திருப்பதில் ஓர் அழகு உண்டு. கேட்டது கேட்ட நொடியில் கைபேசியில் வந்து விழும் இந்நாளில் அவ்வழகு அரிதாகிவிட்டது.

எனினும் காத்திருப்பிற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முன்னோட்டம் என்பது ஏறத்தாழ 2 மணி 15 நிமிடப் படத்தினின்று பொறுக்கி எடுத்த 2 நிமிடம். எஞ்சியதனைக் காண்பவரின் கற்பனை நிரப்பிக்கொள்கிறது. 16 ஆண்டுகள் நிரப்பியவர்களிடம் இருந்ததோ லூக்காஸ் எடுத்த படமன்று. அவரவர் எடுத்துவைத்த படம். அதற்கு ஈடாக எந்தப் படமும் அமைந்துவிட இயலாது. ஏனெனில் மனத்திரையில் ஓடும் படத்தில் சலிப்பூட்டும் காட்சி ஒன்றும் இராது.

நாளும் வந்தது. படம் ஓடியது, பணமும் குவித்தது. முதல் வெளியீட்டிலேயே உலகெங்கும் 92 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று. ஆனால் காத்திருந்தவருள் பலர் ஏமாற்றம் அடைந்தனர். அரசியல் பேச்சு மிகுதி என்றனர். உணர்ச்சி குறைவு என்றனர். அதிலும் குற்றமில்லை. காசு கொடுத்துக் கண்டவர்க்குக் கருத்துக் கூறும் உரிமை உண்டு. ஆனால் ஏமாற்றம் அத்துடன் நிற்கவில்லை. யாரையேனும் நோகச் செய்தாலன்றி அடங்காது என்னும் நிலைக்குச் சென்றது. அதற்கு இலக்கானவர் இருவர்.

ஒருவர் அகமது பெஸ்ட் என்னும் கலைஞர். துடைப்பத்தையும் குப்பைத்தொட்டியையும் தாள வாத்தியமாக்கி ஆடும் 'ஸ்டாம்ப்' என்னும் மேடை நிகழ்ச்சியினின்று தேர்ந்தெடுக்கப்பெற்றவர். நீண்ட செவியும் தடுமாறும் நடையும் உடைய ஜார் ஜார் பிங்ஸ் என்னும் வேடிக்கைப் பாத்திரத்திற்கு உடல் அசைவும் குரலும் தந்தார். கணிப்பொறி அதற்கு உருவம் தந்தது. பின்னாளில் பல படங்களுக்கு வழிகாட்டிய புதுமை அது. அப்பாத்திரம் கறுப்பின மக்களை ஏளனம் செய்கிறது என்று கண்டித்தோரும் உண்டு. அது எண்ணிப் பார்க்க வேண்டிய கண்டனமே. ஆனால் பாத்திரத்தின்மேல் எறியப்பட்ட கற்கள் எல்லாம், தாமே கறுப்பின இளைஞரான அந்நடிகரின்மேல் வந்து விழுந்தன. இருபத்தைந்தைத் தாண்டிய வயதில், வாழ்வின் மிகப் பெரிய வாய்ப்பு எனக் கருதியது வசைமழையாக மாறக் கண்டார். தம் உயிரையே முடித்துக்கொள்ளும் எண்ணம் வரை அது கொண்டுசென்றது என்பதனை 2018 ஆம் ஆண்டில்தான் அவர் உலகறியச் சொன்னார். அன்று தாம் மனமுடைந்து நின்ற அதே புரூக்ளின் பாலத்தருகே, தம் சிறு மகனுடன் எடுத்துக்கொண்ட படத்தை அவர் வெளியிட்டார். தாம் பிழைத்திருந்தமைக்குக் கிடைத்த பரிசு அம்மகனே என்றும் குறிப்பிட்டார்.

மற்றவர் சிறுவனாக நடித்த ஜேக் லாயிட். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 10. பத்து வயதுக் குழந்தையின் நடிப்பை வளர்ந்தவர்கள் கூடி நின்று கிழித்தெறிந்தனர். தம் மகனை அந்நாளில் இணையத்தின் பக்கம் அண்ட விடவில்லை என்றும், அதனால் வெளியுலகின் இரைச்சல் அவரை அவ்வளவாக எட்டவில்லை என்றும் அவருடைய தாய் 2024 ஆம் ஆண்டில் கூறினார். அத்தாயை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் பள்ளியில் உடன் பயின்றோர் செய்த கேலி தமக்குத் துன்பமாயிருந்தது என்று அவரே இளைஞரான பின் பேசியதுண்டு. தாய் தன் வீட்டுக் கதவை அடைக்கலாம். பள்ளிக்கூடத்தின் கதவை அடைக்க இயலுமோ? வளர்ந்தவர்கள் வீட்டில் அமர்ந்து பேசும் சொல்தான் மறுநாள் காலை பிள்ளைகளின் வாயில் ஏறி வகுப்பறைக்குச் செல்கிறது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1999 இல் அதே அரங்குகளில் சிறுவர்களும் அமர்ந்திருந்தனர். அவர்கள் 16 ஆண்டுகள் காத்திருந்தவரல்லர். அவர்களிற் பலர் பிறந்தே பத்து ஆண்டுகள் ஆகவில்லை. மனத்தில் வேறு படம் இல்லாமையால், எதிரே ஓடிய படத்தை அவர்கள் கண்டனர். ஜார் ஜார் தடுமாறியபோது சிரித்தனர். தங்கள் வயதுச் சிறுவன் விண்ணோடம் ஓட்டியபோது களித்தனர். தந்தை இல்லாத ஒரு படத்தைத் தேடி ஏமாந்த அதே இருக்கையின் பக்கத்தில், மகன் இருக்கின்ற படத்தைக் கண்டு மகிழ்ந்தான்.

அச்சிறுவர் வளர்ந்தனர். 2019 ஏப்பிரலில், படத்தின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டிச் சிகாகோவில் கூடிய இரசிகர் பேரவையில் அகமது பெஸ்ட் மேடையேறியபோது, அரங்கம் நெடுநேரம் கையொலி எழுப்பி அவரை வரவேற்றது. 2023 ஆம் ஆண்டில் 'தி மாண்டலோரியன்' என்னும் தொடரில், குழந்தை ஒன்றைக் காப்பாற்றும் வீரனாக அவர் தோன்றினார். இம்முறை உருவமும் அவருடையதே. 2024 மே திங்களில் 25 ஆம் ஆண்டு நினைவாகப் படம் மீண்டும் திரையிடப்பெற்றபோது, அன்று சிறுவராய்க் கண்டவர் பலர் தம் பிள்ளைகளுடன் வந்தனர். படத்தின் காட்சிகள் மாறிவிடவில்லை. காண்பவரின் கண்களே மாறியிருந்தன. நல்லதுதான். ஆனால் அக்கையொலி வந்து சேர 20 ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒரு மனிதர் அதனைத் தாங்கிப் பிழைத்திருக்க வேண்டியதாயிற்று.

தொலைவில் நடந்த திரையரங்கச் செய்தி நம் இல்லங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நாமும் முன்னோட்டம் எடுப்பவர்களே! பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே, அவன் மருத்துவனாகி மாலையுடன் நிற்கும் காட்சியை மனத்தில் ஓட்டிவிடுகிறோம். மருமகள் வாயில்படி ஏறுமுன்பே, அவள் எப்படிப் பேசுவாள், எப்படிப் பரிமாறுவாள் என்று ஒரு படம் ஆயத்தமாகிவிடுகிறது. அயல்நாட்டினின்று விடுமுறைக்கு வரும் கணவனைப் பற்றி மனைவியும், மனைவியைப் பற்றிக் கணவனும் இரண்டு ஆண்டுகள் படம் ஓட்டிக் காத்திருக்கின்றனர். பிறகு மெய்யான மனிதர் வந்து நிற்கிறார்: களைத்தவராய், சற்றே முதிர்ந்தவராய், நாம் எழுதித் தராத உரையாடலைப் பேசுபவராய். 'நீ இப்படியா?' என்று நம் முகம் கேட்டுவிடுகிறது. அவர் செய்த பிழை யாது? நாம் காட்டாமலே ஓட்டிய படத்தை அவர் பார்த்திருக்கவில்லை, அவ்வளவே.

ஆவலை அடக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆவல் இல்லாத வீடு விளக்கில்லாத வீடு. வருகிறவருக்காக வாசலில் நிற்போம், வழிமேல் விழிவைப்போம். வந்தபின் மட்டும், மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தை நிறுத்திவிட்டு, வந்து நிற்கும் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்ப்போம். குறை கூற வேண்டுமாயின் வேலையின் குறையைக் கூறுவோம். வேலை செய்தவரை விட்டுவிடுவோம். பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை அமர்ந்து, நாம் காண மறந்ததைக் கண்டு சிரித்துக்கொண்டிருக்கக்கூடும். அதனிடம், 'என்ன கண்டாய்?' என்று கேட்பதற்கு நுழைவுச்சீட்டும் வேண்டியதில்லை.