பேயை ஓட்டுறதுக்கு முதல் அதுட கதையைக் கேளுங்க

எங்கட ஹொஸ்டல் ரூமில 'டன்டடான்' விஷயத்தில ரெண்டு கட்சி. ஒரு கட்சி சொல்லுது, ரெண்டாம் சீசன்ட தொடக்கம் சரியில்ல என்று. "ஒரு சின்னப் புள்ள சாகிறதக் காட்டி நெஞ்ச நெரிச்சுப்போட்டு, அடுத்த நிமிசம் பகிடி விடுறானுகள். சிரிக்கிறதா அழுறதா எண்டு அவனுகளுக்கே தெரியா" என்பது அவங்கட வாதம். நான் மற்றக் கட்சி. ரூமில வாயால சொல்லி வெல்ல முடியல்ல. அதனால இங்க எழுதுறன்.

முதலிலேயே சொல்லி வைக்கிறன்: ரெண்டாம் சீசன்ட முதல் சில எபிசோட்களின் கதை இதில வரும். பார்க்காதவங்க பார்த்திட்டு வாங்க.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமாக. டன்டடான், யுகினோபு தட்சு 2021 ஏப்ரலில் தொடங்கிய மங்கா. 'செயின்சோ மேன்' எழுதிய தட்சுகி புஜிமோட்டோவுக்கு உதவியாளராக இருந்தவர் இவர். அதை சயன்ஸ் சாரு ஸ்டூடியோ அனிமேயாக எடுத்தது. முதல் சீசன் 2024 ஒக்டோபரில் தொடங்கி டிசம்பரில் 12 எபிசோட்களோடு முடிந்தது. ரெண்டாம் சீசன் 2025 ஜூலை 3இல் தொடங்கியது. அதற்கு முன்னமே அதன் முதல் மூன்று எபிசோட்களையும் ஒன்றாக்கி மே, ஜூன் மாதங்களில் பல நாடுகளில் தியேட்டரில் ஓட்டினார்கள்.

கதை இதுதான். மோமோ என்றொரு பெட்டை; அவட பாட்டி செய்கோ பேய் ஓட்டுறவ. அதனால மோமோ பேயை நம்புவா, வேற்றுக்கிரகவாசியை நம்பமாட்டா. ஒகாருன் என்ற பையன் அதுக்கு நேர் எதிர். ரெண்டு பேரும் பந்தயம் பிடிச்சுப் போய்ப் பார்த்தால் ரெண்டுமே உண்மை! ஒகாருனுக்குள்ள டர்போ கிழவி என்ற பேய் புகுந்திடுது. அவன்ட சொல்லக் கூச்சமான ஒரு பொருளும் களவு போகுது. அதைத் தேடி அலையிறதுக்கு நடுவில ரெண்டு பேருக்கும் மெல்ல மெல்லக் காதல் வருது. ரெண்டு பேருமே அதை வாய் திறந்து சொல்றதில்ல. அவன்ட உண்மையான பேர் கென் தகாகுரா. மோமோ உயிரை விடுற நடிகர்ட பேரும் அதேதான். ஒரு ரஜினி வெறியைக்கு முன்னால மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பொடியன் வந்து "என்ட பேர் ரஜினிகாந்த்" என்று சொன்னால் எப்படியிருக்கும்? அதனாலதான் மோமோ அவனுக்கு ஒகாருன் என்று வேறு பேர் வைக்கிறா.

ரெண்டாம் சீசன் தொடங்குறது ஜிஜியின் வீட்டில. ஜிஜி மோமோவின் சின்ன வயசுக் கூட்டாளி. உயரம், அழகு, விளையாட்டு எல்லாத்திலயும் ஒகாருனை விட ஒரு படி மேல. ஒகாருனுக்கு உள்ளுக்குள்ள எரியுது. ஆனால் ஜிஜி குடியிருந்த வீட்டில ஏதோ பிடிச்சிருக்கு. அவன்ட உம்மா வாப்பா ஆஸ்பத்திரியில. அந்த வீட்டுக்குள்ள மறைச்சு வெச்ச ஓர் அறை. உள்ளே சுவர் முழுக்க மந்திரத் தாள்கள்.

இந்த இடத்தில எங்கட உம்மா தேத்தண்ணியோட வந்திட்டா. செமஸ்டர் லீவு, நானும் தம்பியும் ஒரே போனில ஆளுக்கொரு இயர்போன் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டிப் பார்த்தவ, "என்ன புள்ள, சுவரெல்லாம் இசிம் ஒட்டி வெச்சிரிக்கி?" என்று கேட்டா. பேய் வீடு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவ, "பேயெண்டா ஓதி ஊதி வெரட்டுறத விட்டுட்டு, என்னத்துக்கு அதோட கதைச்சிட்டு இரிக்கானுகள்?" என்றா.

உம்மா கேட்ட அந்தக் கேள்விதான் இந்த எபிசோட்களின் மையம். அதுக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறன்.

அந்த ஊரில எரிமலை. அது வெடிக்காமல் இருக்க, கிட்டோ என்ற குடும்பம் பெரிய பாம்புத் தெய்வம் ஒன்றுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பலி கொடுத்து வந்திருக்கு. அப்படிப் பூட்டி வைக்கப்பட்ட ஒரு பிள்ளைதான் பிறகு பேயாகிறது. ஆங்கிலத்தில 'ஈவில் ஐ' என்கிறார்கள். எங்கட ஊர்ப் பாஷையில கண்ணூறு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் பிள்ளை பூட்டின அறைக்குள்ள இருந்து வெளியில விளையாடுற பிள்ளைகளைப் பார்த்தபடியே செத்துப் போனது. அதுக்குப் பிறகு தன்னைப் போலவே மற்றப் பிள்ளைகளும் பலியாகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மனிசர் மேல அது வைத்திருக்கிற வெறுப்புக்கு வேறு விளக்கம் தேவையா?

இதில கசப்பான பகிடி என்னவென்றால், அந்தப் பாம்பு தெய்வமே இல்லை. அது ஒரு பெரிய புழு, வெயில் பட்டாலே சாகிற பிராணி. அத்தனை பிள்ளைகளும் ஒரு புழுவுக்காகச் செத்திருக்கு.

சின்ன வயசிலிருந்தே ஜிஜிக்குப் பேய் கண்ணில படும். கண்ணூற்றின் கதையைக் கண்ட ஜிஜி ஓடவில்லை. அழுகிறான். உதவி செய்யிறன் என்று கிட்டப் போகிறான். அந்த இரக்கத்தின் வழியாகத்தான் அது அவனுக்குள்ள புகுந்துவிடுகிறது. பிறகு அதே கூட்டாளியோட சண்டை பிடிக்க வேண்டியவன் யார்? அவன் மேல பொறாமையில வெந்துகொண்டிருந்த ஒகாருன்! காதல் கதைகளில வழமையாக இந்த இடத்தில போட்டியாளன் வில்லனாகிவிடுவான், கதாநாயகன் அவனை அடித்து விழுத்துவான், நாங்கள் கைதட்டுவோம். இங்க ஒகாருன் அடி வாங்கிக்கொண்டே, ஜிஜிக்கு ஒன்றும் ஆகாமல் எப்படி மீட்கிறது என்று யோசிக்கிறான். மோமோவுக்கு அவனை ஏன் பிடிச்சது என்று எனக்கு விளங்கினது அந்தச் சண்டையிலதான். "ஐ லவ் யூ" ஒன்றும் தேவைப்படவில்லை.

இது ஒரு பேய்க்கு மட்டும் நடந்த விசயமில்லை. முதல் சீசனிலும் அப்படித்தான். டர்போ கிழவி, கொடூரமாகக் கொல்லப்பட்ட பெட்டைகளின் ஆவிகளுக்கு ஆறுதலாக இருந்தவ. ஏழாவது எபிசோடில வாற பேய் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய். இந்தக் கதையில பேய்க்கு முன்னால எப்போதும் ஒரு மனிசர் இருக்கிறார். அந்த மனிசருக்கு யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள்.

அதனாலதான் பகிடியும் வேணும் என்கிறேன். ரூம் கட்சிக்காரர் மறக்கிற விசயம், அந்தப் பிள்ளை கேட்டது பரிகாரமோ பூசையோ இல்லை, விளையாட்டு. இரங்கற்பா மாதிரி இருண்ட படமாக எடுத்திருந்தால் நாங்களும் கவலைப்பட்டுவிட்டு எழும்பிப் போயிருப்போம். அடுத்து வாற எபிசோட்களில பச்சைத் தண்ணி பட்டால் ஜிஜி கண்ணூறாக மாறுறான், சுடுதண்ணி பட்டால் திரும்ப ஜிஜி ஆகிறான். பழைய 'ரன்மா' பார்த்தவங்களுக்கு உடனே விளங்கும். சிரிப்பு வருது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம், அந்தப் பேய் இப்போது அதே வீட்டில, அதே சாப்பாட்டு மேசையில இருக்கு என்பது. அதை ஓட்ட வேண்டாம் என்று ஜிஜியே சொல்கிறான். கடைசியில ஒகாருன் வாரத்துக்கு ஒரு நாள் அதோட மோதுறதாக, அதாவது விளையாடுறதாக, உடன்படுகிறான். பூட்டி வைத்த பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியல்ல.

எல்லாம் நல்லம் என்று சொல்லவும் மாட்டேன். முதல் சீசனைக் கொண்டுவந்து முடித்த இடம், மோமோ வெந்நீர்க் குளத்தில தனிய இருக்க ஆம்பிளைகள் சுற்றி வளைக்கிற காட்சி. அப்படியே நிறுத்திவிட்டு ஏழு மாதம் காக்க வைத்தார்கள். ஒரு பெட்டையின் பயத்தை 'அடுத்தது என்ன' என்ற ஆர்வத்துக்கு விற்ற வேலை அது. முதல் எபிசோடிலும் வேற்றுக்கிரகவாசிகளைக் கொண்டு அதே மாதிரி ஒரு காட்சி வைத்தவர்கள்தான். பூட்டின அறைக்குள்ள இருந்த பிள்ளைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கத் தெரிந்தவங்களுக்கு, மோமோவுக்கு அதைக் கொடுக்கத் தெரியாமல் போனது எரிச்சல்தான்.

இனி, இதை ஏன் ஒரு சாய்ந்தமருதுக்காரி இவ்வளவு சூடாகக் கதைக்கிறாள் என்று கேட்பீர்கள்.

சுனாமி வந்த நேரம் எனக்கு ஒரு வயசு. கடல் எங்கட ஊரை என்ன செய்தது என்று கதை கேட்டுத்தான் வளர்ந்தேன். அந்தக் கதைகளோட இன்னொன்றும் சேர்ந்து வரும். "பொம்புளப் புள்ளைகள் அடக்கமில்லாமத் திரிஞ்சதாலதான் கடல் பொங்கினது" என்று சொன்ன பெரியாக்களும் இருந்தாங்க. கடலுக்கு அடியில நிலம் பிளந்ததுக்கு என்ட ராத்தாமார்ட உடுப்புக் காரணம்! கிட்டோ குடும்பம் எரிமலையைப் பற்றிக் கதைக்கும்போது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. பெரிய பயம் வரும்போது, அதுக்கான விலையை ஆகச் சின்ன ஆளிடம் அறவிடுகிற பழக்கம் ஜப்பானில மட்டும் இல்லை.

எபிசோட் முடிந்ததும் தம்பி இயர்போனைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தான். பிறகு கேட்டான்: "ராத்தா, எங்கட ஊர்ல அந்த வீட்டுக்குள்ள இருந்த புள்ளைகளுக்கு எத்தன வயசு?"

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை இரவு. அவனுக்குப் பத்து வயசு, எனக்கு பதினைந்து. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து ஐந்தாம் நாள். அந்த ஞாயிறு 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில இறந்தவர்களில பல பேர் பிள்ளைகள். அந்தக் குற்றத்தோட தொடர்புடையவர்கள் எங்கட ஊரில ஒரு வாடகை வீட்டில ஒளிந்திருந்தார்கள். படையினர் சுற்றி வளைத்ததும் உள்ளே குண்டை வெடிக்க வைத்தார்கள். அந்த வீட்டுக்குள்ள உம்மாமாரும் பிள்ளைகளும் இருந்தார்கள். இறந்தவர்களில ஆறு பேர் பிள்ளைகள்.

கிட்டோவின் ஊரும் எங்கட ஊரும் ஒன்றில்லை. அங்க ஊரே வாய் பொத்தி இருந்தது. இங்க, புதிதாக வந்தவர்கள் மேல சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னது ஊர்ச் சனங்கள்தான். ஆனாலும் அதுக்குப் பிறகு "எந்த ஊர்?" என்று யாரும் கேட்டால், "கல்முனைப் பக்கம்" என்று சொல்லிப் பழகினோம். எங்கட ஊர்ட பேரே கண்ணூறு பட்ட பேர் மாதிரி ஆனது. நாங்கள் செய்யாத ஒன்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப் போனோம். அந்தக் களைப்பில அந்தப் பிள்ளைகளை மறந்தும் போனோம். அவங்கட பெரியாக்கள் செய்தது எந்த விதத்திலும் மன்னிக்க முடியாதது. அதே பெரியாக்கள்தான் அந்தப் பிள்ளைகளையும் தங்கட நம்பிக்கைக்குப் பலி கொடுத்தது. சியோனில செத்த பிள்ளைக்கும் இந்த வீட்டில செத்த பிள்ளைக்கும், யாரும் 'உனக்கு சம்மதமா' என்று கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்காக அழுதால் மற்றப் பிள்ளைக்குத் துரோகம் என்று நினைக்கத் தேவையில்லை.

தம்பிட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆறு வருசமாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் என்னைச் சுட்டது. ஒரு ஜப்பான் பேய்ப் படம் பார்த்து, அதுவும் சிரித்துச் சிரித்துப் பார்த்து, ஒரு பதினாறு வயசுப் பொடியன் அதைக் கேட்டான். என்ட கட்சிக்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பின்னேரம் உம்மாவிடம் மிச்சக் கதையைச் சொன்னேன். ஓதி ஓட்டச் சொன்னவதானே, என்ன சொல்றா பார்ப்போம் என்று. மீன் ஆய்ந்துகொண்டே கேட்டா. பூட்டின அறையில பிள்ளை செத்த இடம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தா.

"அந்தப் புள்ளைட உம்மா எங்க போனா?"

உம்மாவும் இப்ப எங்கட கட்சி. அடுத்த எபிசோடை மூன்று பேரும் சேர்ந்துதான் பார்க்கப் போறோம்.