எண்ணிக்கையும் கவனிப்பும்

கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ஈடன் மருத்துவமனை 1882இல் திறக்கப்பட்டது. இத்தகைய போதனா மருத்துவமனைகளில் ஒரே பிரசவத்தில் பயிற்சி பெற மருத்துவ மாணவரும் செவிலிய மாணவியரும் காத்திருப்பது இயல்பு. பதிவேட்டின் எண்ணிக்கையை நிரப்ப மட்டுமே முனையும் மாணவி, குழந்தை பிறக்கும் சில நிமிடங்களையே கற்கிறாள். தாயருகே மணிக்கணக்கில் இருந்து, வலியின் இடைவெளியையும் சிசுவின் இதயத்துடிப்பையும் பார்ட்டோகிராஃபில் குறிப்பவளோ, ஆபத்தை முன்கூட்டியே உணர்கிறாள்.

2018இல் மத்திய அரசு வெளியிட்ட மகப்பேற்றுச் செவிலியர் வழிகாட்டுதல் 18 மாதச் சிறப்புப் பயிற்சியை வகுத்தது. அதற்கும் பிரசவ அறைப் பணிக்கும் இக்கவனிப்பே அடித்தளம். ஆகவே கல்லூரிகள் பிரசவங்களை எண்ணுவதோடு நில்லாமல், மாணவி வரைந்த பார்ட்டோகிராஃபையும் மதிப்பிட வேண்டும்.