கூலியா? கொடையா?

மில்லிலே முப்பது ஆண்டு உழைத்தவர். பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, மூச்சை நூலாக முறுக்கிக் கொடுத்தவர். ஐம்பத்தெட்டு வயது ஆனதும், "போய் வாருங்கள் பெரியவரே" என்று வாசலைக் காட்டிவிட்டார்கள். பிறகு அவர் ஏறி இறங்குவது வைப்பு நிதி அலுவலகத்துப் படிக்கட்டு. அங்கே முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஆதாரிலே இனிஷியல் முன்னால் நிற்கிறது, எங்கள் ஏட்டிலே பின்னால் நிற்கிறது, நீர்தானா அவர்?" அடுத்த கேள்வி: "உயிரோடு இருப்பதற்குச் சான்று எங்கே?" எதிரே நிற்கிறார், இருமுகிறார், வியர்வையைத் துடைக்கிறார். அது போதாதாம்!

தோழர்களே, யாருடைய பணத்தை யார் கேட்கிறார்? 1952-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது அந்த அலுவலகம். 1971-ல் குடும்ப ஓய்வூதியம் வந்தது. 1995 நவம்பர் 16-ல் இன்றைய ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. முதலாளி செலுத்தும் பங்கிலே 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகும் என்பது அதன் விதி. முதலாளி கட்டுகிறார் என்று கணக்கேடு சொல்கிறது. எவன் வேர்வை அது என்று தறி சொல்லும்! கையிலே கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலி அது. டில்லி சர்க்கார் தன் பங்காகப் போடுவது 1.16 சதவீதம். அலுவலகத்தை நடத்தும் செலவு? அதற்கும் சம்பளக் கணக்கைப் பார்த்துத் தனியாக ஒரு கட்டணம் முதலாளியிடம் வாங்கப்படுகிறது. அந்த மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் ஆலைச் சங்கு ஊதியதால் வந்தவை. அங்கே போய் நம் பெரியவர் கைகட்டி நிற்கிறார்!

நிற்கிறாரே, கிடைப்பது எவ்வளவு? 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்றார்கள். 2024-லும் அதே ஆயிரம். இடையிலே பருப்பு விலை ஏறிற்று, பால் விலை ஏறிற்று, மருந்து விலை ஏறிற்று. சம்பளத்தைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கி, எழுபதால் வகுப்பது அவர்கள் சூத்திரம். விலைவாசி என்ற சொல் அதிலே இல்லை. கோட்டையிலே கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவருக்கு அகவிலைப்படி உண்டு. ஆலையிலே நூல் நூற்றவருக்கு இல்லை.

பிரிட்டனிலே 1908-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் செய்தார்கள். 1909 ஜனவரி 1 முதல், எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. அங்கும் குறை உண்டு, நடத்தை சரியா என்று நோண்டிப் பார்த்தார்கள். ஆனால் பணத்தை எங்கே கொடுத்தார்கள்? ஏழை விடுதியின் வாசலில் அல்ல, தபால் நிலையத்திலே! தபால் தலை வாங்குகிறவனோடு சரிசமமாக நின்று கிழவி தன் காசை வாங்கிப் போனாள்.

"இந்தத் தொல்லைக்கு அலுவலகமே வேண்டாம், பங்குச் சந்தையிலே போட்டுவிடலாம்" என்று சில மேதாவிகள் புறப்பட்டிருக்கிறார்கள். வேண்டாம் அந்த வைத்தியம்! கட்டாமல் ஏமாற்றும் முதலாளியின் சொத்தை ஜப்தி செய்யும் அதிகாரத்தை 1952 சட்டம் தந்தது. சந்தை செய்யுமா அதை? அலுவலகம் இருக்கட்டும், ஏட்டிலே ஏற்பட்ட பிழையை ஏடு வைத்திருப்பவனே திருத்தட்டும். குறைந்தபட்சத் தொகை விலைவாசியோடு ஏறட்டும்.

அதுவரை நம் படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேலை. கைபேசியிலே முகத்தைக் காட்டி உயிர்ச்சான்று அனுப்பும் வசதி 2021-லேயே வந்துவிட்டது. தெருவிலே எத்தனை பெரியவர்களுக்கு அது தெரியும்? ஞாயிற்றுக்கிழமை காலையிலே வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்.